மனைவி என்று எழுதிய பெட்டி

தோத்திரம் மதர். இல்லை, நான் நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் தோளில் கிடக்கிற என் குழந்தை இவள் விழித்துக்கொள்வாள். எழும்பூரில் ஏறியதிலிருந்து அழுகை, வண்டி நின்ற ஸ்டேஷனில் எல்லாம் அழுகை. நம் கான்வென்ட் கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் தூங்கினாள். பார்க்க வருகிறவர்களை உட்காரவைக்கிற இந்தப் பார்லருக்கு அப்படி ஒரு வாசம், மெழுகும் ஃபினாயிலும் கலந்து. எனக்கே கண் சொருகுகிறது.

பெட்டியை சிஸ்டர் எவாரிஸ்ட் வராந்தாவில் வைத்திருக்கிறார். மதர் ஒரு வார்த்தை சொல்லட்டும், டார்மிட்டரிப் பக்கம் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். தங்கமான மனுஷி. நான் படிக்கிற காலத்தில் அவர் இல்லை, புதிதாக வந்தவர் போலிருக்கிறது.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் கல்யாணமாகிப் போகிறாராமே. என்னோடு டிரெயினிங் படித்த கிளாரிஸ் சொன்னாள். சர்ட்டிபிகேட் எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். டார்மிட்டரியை ஒட்டி எனக்கு ஒரு அறை, இவளுக்குத் தொட்டில் கட்ட மேலே ஒரு வளையம். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் போதும் மதர். அந்தப் பக்கம் இனி எனக்கு முடியாது.

என் புருஷன் அடித்தாரா என்று கேட்கிறீர்கள். இல்லை மதர். குடியும் இல்லை. அடித்திருந்தால் சொல்ல எவ்வளவு சுலபம். ஒரு தழும்பைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

அவர் என்னைப் படம் வரைந்தார்.

ஆமாம், படம்தான். அவரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் சேப்பலில் சூசையப்பர் சுரூபத்துக்கு வர்ணம் பூச மெட்ராஸிலிருந்து ஒல்லியாக ஒருவர் வந்தாரே, சவரிராயன். பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏணியில் சாய்ந்து நின்று, சூசையப்பர் தாடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். "பக்தியுள்ள கை" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். குறை சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறேன். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் என் அம்மாவும் சரி என்றார்கள்.

அந்தக் கை மெட்ராஸில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது கழுத்தில் தாலி ஏறிய பிறகுதான் தெரிந்தது. 'சீட்டுக்கட்டு' என்று ஒரு மாதப் பத்திரிகை. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பார்க்கவும் வேண்டாம். ஆண்களுக்காக ஆண்கள் போடுகிற புத்தகம். வீட்டுக்குள் வராது. சலூனில் கிடக்கும், லாட்ஜில் கிடக்கும், கிளப்பில் சீட்டாடுகிற மேஜைக்கு அடியில் கிடக்கும். பக்கத்துக்கு ஒரு ஜோக், ஜோக்குக்கு ஒரு படம். படம் எல்லாம் இவர் போடுவது. மூலையில் 'சவரி' என்று கையெழுத்து, கடைசி எழுத்துக்கு ஒரு வால்.

அந்தப் புத்தகத்தில் இரண்டே பெண்கள்தான் மதர். ஒருத்தி டைப்பிஸ்ட், இன்னொருத்தி மனைவி. டைப்பிஸ்டுக்கு இடுப்பு இருக்காது, மனைவிக்குக் கழுத்து இருக்காது. டைப்பிஸ்ட் முதலாளியின் மேஜைமேல் இருப்பாள், மனைவி கதவுக்குப் பின்னால் கரண்டியோடு இருப்பாள். இது நான் சொன்னதுதான். முதல் தடவை சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நீங்களும் லேசாகச் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள்.

அவருக்குக் கை உண்டு, வாய் கிடையாது. வேடிக்கையாக ஒரு வார்த்தை பேச வராது. ஜோக்கெல்லாம் வாசகர்கள் போஸ்ட்கார்டில் எழுதி அனுப்புவார்கள். ஆபீஸில் பொறுக்கி எடுத்து இவரிடம் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஊசிப்போன சரக்கு. அவற்றை முன்னால் பரப்பிக்கொண்டு பல் வலிக்காரர் மாதிரி உட்கார்ந்திருப்பார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

நாங்கள் இருந்தது ஒரு ஸ்டோர். நீள நடை, இரண்டு பக்கமும் குடித்தனங்கள், எல்லாருக்கும் ஒரே குழாய். எதிர் வீட்டில் தாயாரம்மா. அவள் புருஷன் கன்னையா பஸ் கண்டக்டர். அவள் இந்தக் கதவு அகலம், அவர் அந்தக் குடைக்கம்பி கனம். அவள் ஒரு சத்தம் போட்டால் தெருமுனையில் பஸ் நின்றுவிடும். ஒரு நாள் குழாயடியில் அவளே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கன்னையா தூக்கத்தில் பேசுவாராம். "லேடீஸுக்கு இடம் விடுங்க, லேடீஸுக்கு இடம் விடுங்க" என்று. தாயாரம்மா தட்டி எழுப்பி, "எந்த லேடீஸுக்குய்யா பக்கத்துல இடம் விடச் சொல்றே?" என்று கேட்டாளாம்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னேன். சோற்றுக் கையோடு அப்படியே நிமிர்ந்தார்.

"இரு இரு ஜெசி. இன்னொரு தடவை சொல்லு. கேட்டப்போ அந்தம்மா கை எங்கே இருந்தது?"

"இடுப்பில்."

"ரெண்டு கையுமா?"

எழுந்து நடித்துக் காட்டினேன். எனக்கு நடிக்க வரும், உங்களுக்குத் தெரியும். சிஸ்டர் அல்போன்சா மாதிரி ஜெபமாலை சொல்லிக் காட்டினபோது முழு டார்மிட்டரியும் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தது. மறுநாள் என்னை முழங்காலில் நிற்க வைத்தீர்கள். அதே வாய்தான்.

அந்த மாதம் 'சீட்டுக்கட்டு'வில் தாயாரம்மா வந்தாள். கொண்டை, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடுப்பில் கை. பாயில் விசிலோடு ஒரு குச்சி மனிதர். அவர் ஆபீஸில் எல்லாரும் கை கொடுத்தார்களாம். அதற்குப் பிறகு சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "இன்னிக்கு எதிர்வீட்டில் என்ன விசேஷம்?" என்று கேட்பார். நானும் சொல்வேன். கறிக்காரனோடு அவள் போட்ட சண்டை, ரிக்ஷாவில் ஏறினபோது ரிக்ஷாக்காரன் கும்பிட்டது, கன்னையா சட்டைப் பையைச் சோதித்தது. இதில் புறணி எங்கே இருக்கிறது? கட்டின புருஷனிடம் நடந்ததைச் சொன்னேன். அதுகூடக் கூடாது என்றால் வீட்டில் என்னதான் பேசுவது?

படத்துக்குக் கீழே அவர் பெயர் மட்டும்தான் வந்தது. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. இப்போதும் நினைக்கவில்லை. சும்மா சொல்கிறேன்.

இவள் பிறந்தபோது அம்மா காலில் கட்டுப் போட்டிருந்தார்கள், வர முடியவில்லை. தாயாரம்மாதான் எல்லாம். பத்தியம் அவள், கஷாயம் அவள். காலையில் வந்து, முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்கால் மேல் இவளைக் கிடத்தி எண்ணெய் தேய்ப்பாள் பாருங்கள், அந்த மாமிசமலையிடம் இவ்வளவு சின்னக் கை எங்கிருந்து வந்தது என்று தோன்றும். இவள் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டால் விடவே மாட்டாள். அவளுக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. உண்டாகும், உண்டாகும், ஒன்றும் நிற்காது.

ஒரு நாள் மத்தியானம் இவளை அவளிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தேன். சாமியார் இல்லை என்று சீக்கிரம் திரும்பிவிட்டேன். கதவைத் தள்ளினேன். அவள் இருந்த நிலையைப் பார்த்துவிட்டேன். என்ன நிலை என்று கேட்காதீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "யார்கிட்டயும் சொல்லிடாத ஜெசிந்தா. சும்மா... எப்படி இருக்கும்னு பாத்தேம்மா. அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சா உசுரை விட்டுடும்" என்றாள். நான் சொல்லவில்லை மதர். என் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. இங்கே வளர்ந்தவள், ஒரு ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாதா எனக்கு?

அப்புறம் கன்னையா ஒரு நாள் முகம் மழிக்க சலூனுக்குப் போனார். அங்கே கிடந்த புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். அதற்கு முன்பே பஸ்ஸில் காலேஜ் பையன்கள், "கண்டக்டர், லேடீஸுக்கு இடம் விடுங்க!" என்று கூவிக்கொண்டுதான் இருந்தார்களாம். ஏன் என்று அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்திருக்கிறது.

மறுநாள் காலை தாயாரம்மா எப்போதும்போல வந்தாள். இவளைக் குளிப்பாட்டினாள். சாம்பிராணி காட்டினாள், பொட்டு வைத்தாள், துணியில் சுற்றிப் பாயில் கிடத்தினாள். மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, இவள் பக்கத்தில் வைத்தாள். அந்தப் படம்தான். இவள் விரலைத் தன் சுண்டுவிரலிலிருந்து மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்து போனாள். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். வீடு காலி செய்து வண்டி ஏற்றினபோது நானே போய், "சும்மா சிரிக்கத்தானே அக்கா" என்றேன். தூணைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். ஹாஸ்யத்தை ஹாஸ்யமாக எடுத்துக்கொள்ளத் தெரியாத ஜனங்கள். அவள் போன பிறகு குழந்தையைக் குளிப்பாட்ட ஆள் இல்லாமல் நான் பட்ட பாட்டை அவள் ஒரு நிமிஷம் யோசித்திருப்பாளா?

எதிர் வீடு காலி என்றதும் அவருக்கு ஜோக் வற்றிப்போயிற்று. நானும் பச்சை உடம்புக்காரி, தூக்கமில்லை, எனக்கும் ஒன்றும் வேடிக்கையாகத் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். தலை பிரிந்து கிடந்தது. அவர் தாளும் பென்சிலுமாக எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அசையாதே ஜெசி. அப்படியே இரு."

சூசையப்பர் தாடியைப் பார்த்த அதே பார்வை. கல்யாணத்துக்கு அப்புறம் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது மதர், சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாதாவும் குழந்தையும் மாதிரி ஒரு படம் வரப்போகிறது, கண்ணாடி போட்டு மாட்டலாம், எந்தச் சுவரில் மாட்டலாம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு கழுத்து வலிக்க வலிக்க உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் படத்தை நான் பார்த்தது சலூன் சுவரில்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அந்த சலூனைத் தாண்டித்தான் போகவேண்டும். உள்ளே கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். நான்தான். பிரிந்த தலை, உதட்டுக்குக் கீழே இருக்கிற இந்த மச்சம். என் உத்தரியத்தைக்கூட விடவில்லை மதர். நீங்கள் என் கழுத்தில் போட்ட மாதா உத்தரியம், அந்தச் சின்னத் துணித்துண்டு, அதன் கயிறு, அதன் முடிச்சு, எல்லாம் மையில் அப்படியே. சேலை மறைத்த இடத்தையும் ஒரு கோட்டால்கூட மறைக்காமல் வைத்திருந்தார். பக்கத்தில் இலையை விரித்துக்கொண்டு ஒரு புருஷன் உட்கார்ந்திருக்கிறான். கீழே: "எனக்கு எந்தப் பந்தி?"

புரிகிறதா? புரியாவிட்டால் நல்லது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அவர் பென்சில் சீவிக்கொண்டே, "யாருக்கு உன்னைத் தெரியப்போகுது? சும்மா சிரிக்கத்தானே ஜெசி" என்றார். எப்படி இருக்கும் எனக்கு? ஒருத்தியின் உடம்பை ஊருக்குக் காட்டிவிட்டு சிரிக்கத்தானே என்று சொல்ல ஒரு மனிதனுக்கு எப்படி வாய் வரும்? நீங்களே சொல்லுங்கள்.

ஒரு மாதத்தோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். போகாது மதர். அந்தத் தொழில் அப்படி. படத்தைத் துத்தநாகத் தகட்டில் எடுத்து, மரக்கட்டையில் ஆணி அடித்து ஒரு பிளாக் செய்வார்கள். அதை மையில் ஒற்றித்தான் அச்சடிப்பது. அச்சடித்த பிறகும் பிளாக்கைத் தூக்கிப் போடமாட்டார்கள். புதுப் படம் கிடைக்காத மாதத்தில் பழைய பிளாக்கை எடுத்து, கீழே எழுத்தை மட்டும் மாற்றிப் போட்டுவிடுவார்கள். படம் அதே, வசனம் புதுசு. என் படம் மறுபடி வந்தது. "கடை திறந்திருக்கு, சரக்குதான் ரேஷன்." அப்புறம் இன்னொரு தடவை. அந்த மூன்றாவதை நான் சொல்லமாட்டேன், அந்தச் சுவரில் இருதய ஆண்டவர் இருக்கிறார்.

வரவர வெளியே போவதென்றாலே நடுக்கம். பஸ் ஸ்டாப்பில் ஒருவன் என் மச்சத்தைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவனை இடித்தான். "எந்தப் பந்தி மச்சான்?" பூசையில் நன்மை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஆண்கள் பக்கம் யாரோ இருமுகிறார்கள். அது இருமலா சிரிப்பா என்று தெரியாமல் நாக்கில் நன்மை அப்பத்தோடு நிற்கிறேன். உத்தரியத்தைக் கழற்றி வைத்துவிட்டேன் மதர். திட்டுங்கள். கழற்றினால் அடையாளம் போகும் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் ஒரு ஆள் வீட்டுக்கே வந்துவிட்டான். "சவரி சார் இருக்காரா?" இல்லை என்றேன். போகவில்லை. எட்டி உள்ளே பார்த்தான், தூளியில் கிடந்த இவளைப் பார்த்தான். "முதல் பந்தி இவங்கதானா?" என்று சிரித்தான். கதவைச் சாத்தித் தாழ் போட்டு, இவளை இடுக்கிக்கொண்டு, கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன். நடையில் அவன் செருப்புச் சத்தம் இங்கேயும் அங்கேயும் நடந்துகொண்டே இருந்தது. அவர் வந்து தட்டியபோதுகூடத் திறக்கக் கை வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். "ரசிகர் ஜெசி! வீடு தேடி வந்திருக்கார் பாரு" என்றார், சந்தோஷமாக.

இவள் பெண் குழந்தை மதர். நாளைக்கு இவள் வளர்ந்து அந்தச் சலூனைத் தாண்டி நடக்கவேண்டாமா?

அதனால்தான் நானே ஆபீஸுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு. ஆசிரியர் தணிகாசலம் எப்படிப்பட்ட ராட்சசனாக இருப்பாரோ என்று நினைத்தேன். நெற்றி நிறைய விபூதி வைத்துக்கொண்டு ஒரு பெரியவர். எழுந்து நின்று, "வாங்கம்மா, உட்காருங்க" என்று சொல்லி, எனக்குக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஒரு மர அலமாரி. அதில் பிளாக் போட்டு வைக்கிற சோப்புப் பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி சாக்பீஸால் எழுதியிருந்தது. டாக்டர், குடிகாரன், மாமியார், டைப்பிஸ்ட், மனைவி.

"என் படத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்றேன்.

அவர் மனைவி என்று எழுதிய பெட்டியை இறக்கி, கட்டைகளைப் புரட்டி, என்னுடையதை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுல உங்க பேர் எங்கம்மா இருக்கு? இது மனைவி. எல்லார் வீட்டு மனைவியும்தான். பிளாக் பத்திரிகைக்குச் சொந்தம். சவரி மூளைக்காக நாங்க அவரை வெச்சிருக்கோம், இதெல்லாம் அதுல அடக்கம்."

சவரி மூளை! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. லேடீஸுக்கு இடம் விடுங்க யார் சொன்னது? ரிக்ஷாக்காரன் கும்பிட்டது யார் சொன்னது? அத்தனையும் நான் சொன்னது, அந்த மனிதருக்கு ஒரு வேடிக்கை வார்த்தை வராது என்றேன். தணிகாசலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்படியா? எங்கே, ஒண்ணு சொல்லுங்க. தீபாவளி மலருக்கு முழுப் பக்கம் காலியா இருக்கு. அதுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு சொல்லிட்டீங்கன்னா, இந்தக் கட்டையை நீங்களே எடுத்துட்டுப் போங்க."

இவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து அறையில் மெஷின் சத்தம். எனக்கு ஒரு ஜோக் தோன்றிற்று. எங்கிருந்து வந்தது என்றே தெரியாது, அப்படியே வாயில் வந்தது. சொன்னேன். அவர் சிரித்தார் பாருங்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அச்செழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர்களைக் கூப்பிட்டு மறுபடி சொன்னார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தேன் மதர். சொன்ன சொல் தவறாமல் பிளாக்கைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

இதோ. பாருங்கள். பயப்படாதீர்கள், தகட்டில் இடம் வலமாக மாறித்தான் இருக்கும், சட்டென்று அடையாளம் தெரியாது. இது இனி யார் கையிலும் கிடையாது. இதை நீங்களே வைத்துக்கொள்ளவேண்டும், அல்லது கிச்சன் அடுப்பில் போட்டுவிடச் சொல்லவேண்டும் என்றுதான் கொண்டுவந்தேன். என்னைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டு வந்தால், ஜெசிந்தா தன் கையாலேயே அதை முடித்துவிட்டு வந்தாள் என்று நீங்கள் சொல்லலாம்.

அன்று சாயங்காலம் அவர் வந்தார். முகம் செத்திருந்தது. தீபாவளி மலருக்கு என் ஜோக்குக்குப் படம் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

"நீயா ஜெசி சொன்னே?"

"ஆமாம், நான்தான். ஏன்? எனக்கு மூளை இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறதா?"

"இதை நான் போடமாட்டேன்."

கேட்டீர்களா? இதை மட்டும் போடமாட்டாராம். "அந்தம்மா நம்ம குழந்தையைக் குளிப்பாட்டினவங்க" என்றார். என்னை வரைந்தபோது இந்த மனசாட்சி எங்கே போயிருந்தது? பொறாமை மதர். என் ஜோக், என் பெயரில் முழுப் பக்கம். அது பொறுக்கவில்லை. "நீங்கள் போடாவிட்டால் வேறு ஆர்ட்டிஸ்ட் போடுவான்" என்றேன். "போடட்டும்" என்று அதே முகத்தோடு பாயில் போய்ப் படுத்துக்கொண்டார். பெண்டாட்டிக்கு இரக்கப்படாதவர், ஊரார் பெண்டாட்டிக்கு இரக்கப்படுகிறார். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மனிதரோடு இனி இல்லை என்று.

என்ன ஜோக்கா?

அது ஒன்றுமில்லை மதர். சும்மா. வேண்டாம், உங்கள் முன்னால் சொல்லுகிற... சரி, கேட்கிறீர்கள். ஒரு குண்டு மனைவி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு குழந்தை. பால் இல்லாதவள், ஆனாலும் கொடுக்கிறாள். குழந்தையும் வாய் வைத்து இழுத்து இழுத்துப் பார்க்கிறது. டியூட்டி முடிந்து வந்த கண்டக்டர் புருஷன் விசிலோடு வாசலில் நிற்கிறான். சொல்கிறான்: "இறங்கிக்கோ பாப்பா, இது ஷெட்டுக்குப் போற வண்டி."

நீங்கள் சிரிக்கவில்லையே. தணிகாசலம் அவ்வளவு சிரித்தார்.

இல்லை, அவள் பெயரை நான் சொல்லவே இல்லை மதர். சத்தியமாக. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே. ஒரு குண்டு மனைவி, ஒரு கண்டக்டர், அவ்வளவுதான். கொண்டையும் மூக்குத்தியும் ஆர்ட்டிஸ்ட் பழைய படத்தைப் பார்த்துப் போட்டால் அதற்கு நான் என்ன செய்வேன்? அவள்தான் வீடு மாறிப் போய்விட்டாளே. கன்னையா இப்போது வேறு ரூட்டில் ஓடுகிறாராம். அந்த ரூட்டிலும் சலூன் இருக்கும்தான். அதை நினைத்துக்கொண்டிருந்தால் நான் என்னை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

குழந்தையா? எந்தக் குழந்தை? படத்தில் அவள் மடியில் இருக்கிற குழந்தையா?

அது... அது ஏதோ ஒரு குழந்தை மதர். படத்தில் குழந்தை யாருடையதாக இருந்தால் என்ன?

விழித்துவிட்டாள். இல்லைடா, இல்லைடா ரீத்தா, மதர் உன்னை ஒன்றும் சொல்லவில்லை. ரோ ரோ. மதர், கட்டையை ஏன் என் பக்கம் தள்ளுகிறீர்கள்? உங்களிடமே இருக்கட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? சும்மா சிரிக்கத்தானே சொன்னேன். நீங்கள் கேட்டீர்கள் என்றுதானே சொன்னேன். வகுப்பில் நான் இப்படியெல்லாம் பேசமாட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பேன், ஞாயிற்றுக்கிழமை ஞான உபதேசம் எடுப்பேன், என்னை எங்கே வேண்டுமானாலும் முழங்காலில் நிற்க வையுங்கள்.

மணி எதற்கு அடித்தீர்கள்?

ஓ, சிஸ்டர் எவாரிஸ்ட். வாருங்கள் சிஸ்டர். பெட்டி கனம், பார்த்துத் தூக்குங்கள், ஒரு பக்கம் கைப்பிடி கழன்றிருக்கிறது. நான் ஒரு கை பிடிக்கிறேன், இருங்கள், குழந்தையை இப்படி மாற்றிக்கொள்கிறேன்.

சிஸ்டர், அந்தப் பக்கம் இல்லை. அது கேட்டுக்குப் போகிற வழி. டார்மிட்டரி இந்தப் பக்கம், சேப்பலைச் சுற்றி. நான் இங்கேயே வளர்ந்தவள், எனக்குத் தெரியாதா. மதர், சிஸ்டர் புதியவர், வழி தெரியாமல் போகிறார் பாருங்கள். நீங்கள் கொஞ்சம் கூப்பிட்டுச் சொல்லுங்கள் மதர்.